பேரு ஒண்ணு, போன் வேற: மாடல் நம்பரையும் சேர்த்துப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுல மட்டும் வந்திருக்கிற போனை வரவழைக்கிறதா, இல்ல அடுத்த மாடல் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கிறதான்னு உங்க டெக் பக்கத்துல போன வாரம் ஒரு கட்டுரை வந்துச்சு, அதை வச்சு எங்க வீட்ல மூணு நாளா பஞ்சாயத்து. பொண்ணு வரவழைக்கலாம்ங்கிற கட்சி, பையன் பொறுங்கப்பாங்கிற கட்சி, நடுவுல மத்தியானத்துக்குள்ள சார்ஜ் செத்துப்போற என் பழைய போனோட நான். கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்ல எழுதல. ஆனா அதுல ஒரு விஷயம் விட்டுப்போச்சு, அதனால நான் ஏற்கெனவே ஒரு தடவை நல்லா பட்டிருக்கேன், அதான் எழுதறேன்.

நீங்க ரிவ்யூ பண்ற போனும் வாசகர் கைக்கு வர்ற போனும் பல சமயம் ஒண்ணு இல்ல. பேரு அதேதான், பெட்டி கூட அதேதான், உள்ள இருக்கிறது வேற. ஷாவ்மி 15 அல்ட்ராவை எடுத்துக்கோங்க, சைனாவுல வித்ததுல 6000 எம்ஏஹெச் (பேட்டரி எவ்ளோ சார்ஜ் கொள்ளும்ங்கிற அளவு) பேட்டரி, வெளிநாடுகளுக்கு வந்ததுல 5410. விவோ எக்ஸ்200 ப்ரோ சைனாவுல 6000, ஐரோப்பாவுல 5200. ஏன் குறைக்கிறாங்கன்னு தேடிப் பார்த்தா காரணம் போன்லயே இல்ல, கப்பல்லயும் பிளேன்லயும் இருக்கு. பேட்டரிக்குள்ள இருக்கிற ஒரே செல்லுல (அதாவது ஒரே துண்டுல) 20 வாட்-ஹவருக்கு மேல, அதாவது அந்த அளவுக்கு மேல மின்சாரம் சேமிக்கிறதா, போனா லித்தியம் பேட்டரியை ஆபத்தான சரக்கு கணக்குல சேர்த்துடறாங்க, பேக்கிங், பேப்பர், செலவு எல்லாம் ஏறும். 20 வாட்-ஹவர்னா சுமாரா 5200 எம்ஏஹெச், அதான் நம்பர் எல்லாம் அந்தப் பக்கமே வந்து நிக்குது. ரெண்டு செல்லா பிரிச்சு வச்சா தப்பிச்சுக்கலாம், சில கம்பெனி அப்படித்தான் பண்றாங்க. இப்போ கட்டுரையில "6000 எம்ஏஹெச், ரெண்டு நாள் நிக்குது"ன்னு இருந்தா, அது எந்த ஊர் பெட்டியில இருந்து எடுத்த போனுன்னு படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும் சார்?

சாம்சங்கும் இதே கதைதான். கேலக்ஸி எஸ்22 ஐரோப்பாவுல சாம்சங்கோட சொந்த எக்ஸினாஸ் 2200 சிப்போட வந்துச்சு, வேற பல நாட்டுல ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1. எஸ்23ல உலகம் பூரா ஸ்னாப்டிராகன், எஸ்24ல மறுபடி நாட்டுக்கு நாடு வேற. ஐபோன்ல சிப்பு மாறாது, ஆனா அமெரிக்காவுல 2022ல வந்த ஐபோன் 14ல இருந்து சிம் போடுற ஓட்டையே கிடையாது, போனுக்குள்ளயே இருக்கிற இ-சிம் மட்டும்தான். இ-சிம் சரியா தராத நெட்வொர்க்ல இருக்கிறவங்க, சொந்தக்காரர் ஆசையா வாங்கிட்டு வந்த அமெரிக்க ஐபோனை வச்சு வைஃபைல படம்தான் பார்க்கணும்.

இனி என் கதை. மூணு வருஷம் முன்னாடி வெளிநாட்டுல இருக்கிற மச்சான் மூலமா ஒரு போன் வரவழைச்சேன், பிராண்டு பேரு வேணாம். கேமரா அவ்ளோ அருமை, முதல் வாரம் பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் எடுத்து எடுத்துக் காட்டினேன். ரெண்டாவது வாரம்தான் கவனிச்சேன், யாராவது கால் பண்ணா நெட் நின்னுபோகுது, பேசி முடிச்சாதான் திரும்ப வருது. அதாவது என் நெட்வொர்க்ல அந்த போனுக்கு வோல்டி, அதான் 4ஜி வழியாவே கால் பேசுற வசதி, கிடையாது. 4ஜி பேண்ட் (நெட்வொர்க் ஓடுற அலைவரிசை) எல்லாம் சரியா இருந்துச்சு, நான் கூட 3, 8, 40னு ஒவ்வொண்ணா டிக் போட்டுத்தான் வாங்கினேன், ஆனா பேண்ட் இருந்தா டேட்டா ஓடும், கால் 4ஜில போகணும்னா அந்த நெட்வொர்க்குக்கான செட்டிங் அந்த மாடலோட சாஃப்ட்வேருக்குள்ள இருக்கணும், நெட்வொர்க்காரனும் அந்த மாடலை ஏத்துக்கணும். இது ரெண்டும் ஸ்பெக் ஷீட்ல எங்கயும் இருக்காது. 3ஜி, 2ஜி இருக்கிற வரைக்கும் கால் கீழ இறங்கி எப்படியோ ஒப்பேத்திடும். அதையும் மூடிட்டா? ஆஸ்திரேலியாவுல 2024 அக்டோபர் 28ல பெரிய கம்பெனிங்க 3ஜியை நிறுத்த ஆரம்பிச்சப்போ, 000ங்கிற அவசர நம்பருக்கு 4ஜில கால் போகாத போனை நெட்வொர்க்கே தடுக்கணும்னு விதி. வெளியில வாங்கிட்டு வந்த நல்ல நல்ல 4ஜி போனெல்லாம் அதுல மாட்டுச்சு. இருக்கிற 3ஜியையும் ஒவ்வொரு நாடா மூடிக்கிட்டுத்தான் வர்றாங்க, அதனால இது யாரோ ஒருத்தர் பிரச்சினைன்னு நான் நினைக்கல.

ஒவ்வொரு போனுக்கும் இருக்கிற அடையாள நம்பரான ஐஎம்இஐ தொல்லை தனி. துருக்கியில வெளிநாட்டு போன் அந்த ஊர் சிம்ல 120 நாள்தான் ஓடும், அதுக்குள்ள பதிவு பண்ணி கட்டணம் கட்டலன்னா நெட்வொர்க் கட். பாகிஸ்தான், இந்தோனேசியாவுலயும் பதிவு உண்டு. வாங்குறதுக்கு முன்னாடி அவங்கவங்க நாட்டு விதியை ஒரு பத்து நிமிஷம் பார்த்துட்டா போதும், இதுக்கு மேல இதுல சொல்ல ஒண்ணுமில்ல.

சாஃப்ட்வேர் பத்தி சொல்லியே ஆகணும். சைனா ரோம்ல (சைனாவுக்குன்னு போட்டு வர்ற போன் சாஃப்ட்வேர்) ப்ளே ஸ்டோரைப் பல போன்ல நாமளே போட்டுக்கலாம், சரி. ஆனா பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன்னு பின்னாடி ஓடுற ஆப்பை எல்லாம் அது அடிச்சு மூடிடும், மெசேஜ் வந்து ஒரு மணி நேரம் கழிச்சு நோட்டிஃபிகேஷன் வரும், ஆபீஸ்ல மேனேஜர்கிட்ட "சார் என் போனு சைனா ரோமு"ன்னா அவர் ஏத்துக்குவாரா. இதுக்குப் பயந்து சில கடைக்காரங்க சைனா போன்ல குளோபல் ரோமை அவங்களே ஏத்தி, பெட்டியை மறுபடி சீல் பண்ணி விக்கிறாங்க. அது இன்னும் ஆபத்து. போனோட சாஃப்ட்வேருக்குப் பூட்டு மாதிரி இருக்கிற பூட்லோடர் திறந்தே கிடக்கும், பேங்க் ஆப் முறைக்கும், அப்டேட் ஒழுங்கா வராது, யாரோ யூட்யூப்ல சொன்னாங்கன்னு திரும்ப லாக் பண்ணீங்கன்னா போன் பிரிக் ஆகக்கூட, அதான் ஆன் ஆகாம செங்கல் மாதிரி கிடக்கக்கூட, வாய்ப்பிருக்கு. பெட்டியில சீல் உடைஞ்சு ஒட்டின மாதிரி இருந்தா கேள்வி கேளுங்க.

கடைசியில நான் வரவழைச்ச அந்த போனு கீழ விழுந்து டிஸ்ப்ளே போச்சு. அதே பிராண்டோட சர்வீஸ் சென்டர்தான், மாடல் நம்பரை அடிச்சுப் பார்த்துட்டு "இந்த நம்பர் எங்க சிஸ்டத்துலயே இல்லீங்க"ன்னுட்டாங்க. இலவசமா கேக்கல சார், காசு தர்றேன்னேன், பார்ட் இல்லன்னாங்க. வெளியில சொல்லி வச்சு டிஸ்ப்ளே வர ரெண்டு மாசம் ஆச்சு, வந்ததுல கைரேகை சென்சார் வேலை செய்யல. ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜூன் 20ல இருந்து ஒரு விதி இருக்கு, புதுசா சந்தைக்கு வர்ற மாடல்னா விற்பனை நின்ன பிறகும் 7 வருஷத்துக்கு முக்கியமான உதிரிபாகம் கிடைக்கணும், 5 வருஷம் அப்டேட் வரணும்னு. படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அது அங்க விக்கிற போனுக்கு, அங்க வாங்கினவங்களுக்கு. போன் மட்டும் பார்சல்ல வரும், சட்டம் பார்சல்ல வராது.

அப்போ பொறுத்திருக்கிறதுதான் சரியான்னா, அதையும் முழுசா சொல்ல மாட்டேன். பையன் காட்டுற லீக் படம் எல்லாம் அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பாங்கிற கதை. எது வரும்னு லீக்கைப் பார்க்காதீங்க, அந்தக் கம்பெனி போன வருஷமும் முந்தின வருஷமும் என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. ஷாவ்மி 14 சைனாவுல 2023 அக்டோபர்ல வந்து உலகத்துக்கு 2024 பிப்ரவரியில வந்துச்சு, ஷாவ்மி 15 சைனாவுல 2024 அக்டோபர்ல வந்து உலகத்துக்கு 2025 மார்ச்ல வந்துச்சு. அந்த வரிசைக்கு நாலஞ்சு மாசம் பொறுக்கலாம், நியாயம். ஆனா 14 ப்ரோவும் 15 ப்ரோவும் சைனாவை விட்டு வெளிய வரவே இல்ல, அதுக்குக் காத்திருந்தா காத்துக்கிட்டேதான் இருக்கணும். அந்த மாதிரி போன் ஒருத்தருக்கு உண்மையிலேயே தேவைப்பட்டா, அதுவும் ரெண்டாவது போனா, கால் பேச வேற ஒண்ணு கையில இருந்தா, வரவழைக்கட்டும், நான் தடுக்க மாட்டேன்.

இன்னொண்ணு, பொறுத்தா விலை இறங்கும்னு உங்க கட்டுரையில ஒரு வரி இருந்துச்சு. இத்தனை வருஷம் அது சரிதான். 2025 கடைசியில இருந்து நிலைமை வேற, ஏஐ டேட்டா சென்டருங்க மெமரியை அள்ளிக்கிட்டுப் போறதால ரேம் சிப் விலை ஏறிக்கிட்டு இருக்கு. மெமரி சிப் செய்யற மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பர்ல, கடையில நம்ம மாதிரி ஆளுங்களுக்கு விக்கிற க்ரூஷியல்ங்கிற தன்னோட பிராண்டையே நிறுத்தப் போறோம்னு சொல்லிடுச்சு, அந்த மெமரியை டேட்டா சென்டர் பக்கம் திருப்பத்தான். போன்லயும் ரேம்தானே இருக்கு. அதனால புது மாடல் அதே விலையில இன்னும் அதிக ரேமோட வரும்னு நம்பி உக்காராதீங்க, பழசு மலிவாகும்னும் ரொம்ப நம்பாதீங்க.

பொண்ணுகிட்ட நான் கேட்டது ஒரே கேள்விதான், நீ பார்த்த ரிவ்யூவுல இருந்த போனோட மாடல் நம்பர் என்னம்மா? தெரியல. கட்டுரையிலயும் இல்ல. அந்த நம்பர் இருந்தா கம்பெனி சைட்டுல போய் பேண்ட் பார்க்கலாம், நெட்வொர்க்காரங்ககிட்ட வோல்டி உண்டான்னு கேக்கலாம், சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு டிஸ்ப்ளே கிடைக்குமான்னு விசாரிக்கலாம், எல்லாத்துக்கும் அதுதான் சாவி.

அதனால உங்ககிட்ட கேக்கிறது இதுதான். இனிமே போன் ரிவ்யூ போடும்போது ஓரத்துல ஒரு வரி சேருங்க: நாங்க சோதிச்சது எந்த நாட்டுக்கான போன், மாடல் நம்பர் என்ன, பேட்டரியும் சிப்பும் மத்த நாட்டுல மாறுதா. ஸ்டார் ரேட்டிங்கைக் கொஞ்சம் சின்னதா போட்டா இடம் கிடைச்சுடும்.

என் போனுக்கு நேத்து புது பேட்டரி போட்டுட்டேன். சாயங்காலம் வரைக்கும் நிக்குது. பொண்ணு இன்னும் முகத்தைத் தூக்கி வச்சிருக்கா, பையன் ஜெயிச்சிட்டதா நினைச்சுக்கிட்டு இருக்கான்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்