பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்பு பாப்பாவுக்கு,

போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். படம் எடுத்தே பழகிய கண், முதலில் வெளிச்சத்தைத்தான் பார்த்தது. ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழ, மறுபக்கத்தை அப்படியே இருட்டில் விட்டிருக்கிறாய். நானாக இருந்தால் அந்தப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மகோல் அட்டையை நிறுத்தியிருப்பேன். நீ விட்டதுதான் சரி. என் மகள் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

கட்டிலில் உன் பக்கத்தில் ஊசி மருந்து டப்பாக்கள். கைக்குள் கேமரா ரிமோட். அப்படியென்றால் படம் எடுக்கக்கூட வீட்டில் ஆள் இல்லை. மாப்பிள்ளை எப்போது கப்பலிலிருந்து இறங்குகிறார்? சமையலுக்கு வரும் அக்காவாவது வருகிறார்களா?

நீ சொன்ன பின்லாந்துக்காரப் பெண், எலினா புரோதேருஸ், அவர் படங்களைத் தம்பி காட்டினான். 2009 முதல் 2013 வரை, குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்த காலத்தில் தன்னையே எடுத்திருக்கிறார். தள்ளி இருந்தே கேமராவை அழுத்தும் கேபிள் ரிலீஸ் ஒயர் படத்திலேயே தெரிகிறது, ஒளிக்கவில்லை. அந்த வரிசைக்கு மங்கள வார்த்தை என்று பெயர் வைத்திருக்கிறார். நம் கோயிலில் மார்ச் 25 அன்று கபிரியேல் சம்மனசு மாதாவிடம் வந்து சொன்னதை வாசிப்பார்களே, அதுதான். இவருக்குச் சம்மனசு வரவே இல்லை. உட்கார்ந்து காத்துக்கொண்டே இருக்கிறார். அதற்கு மேல் பார்க்க முடியாமல் போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

கல்யாணம், ஞானஸ்நானம், புதுநன்மை எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். சாவு வீட்டுக்கும் கூப்பிட்டார்கள். பிள்ளை தங்காத வீட்டுக்குப் படம் எடுக்க ஒருவரும் கூப்பிட்டதில்லை. நீ எடுத்திருக்கிறாய். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் கண்காட்சிக்குக் கொடுப்பதற்கு முன் அம்மாவிடம் நீயே சொல்லியிருக்க வேண்டும். அத்தை வாயால் கேட்க வேண்டிய விஷயமா அது?

கடைசிப் படத்தில் டப்பாக்கள் இல்லை. நீ அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தோன்றும்போது எழுது.

அம்மா வெள்ளிக்கிழமை முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறுகிறாள். எழும்பூருக்கு நீ வர வேண்டாம், ஆட்டோ பிடித்து வந்துவிடுவாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. இன்னும் நிறைய எடு, பாப்பா. கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மட்டும் எடுக்காதே.

அப்பா