அந்தக் குடம் பெனினுடையது அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெனின் வெண்கலச் சிற்பங்கள் நைஜீரியாவுக்குத் திரும்புவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1897-இல் பிரிட்டிஷ் படை பெனின் அரண்மனையைச் சூறையாடியதும், 2022-இல் ஜெர்மனி ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்ததும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் கட்டுரையின் நடுவில் இருந்த படத்தைப் பார்த்ததும் மனம் பதறிவிட்டது. கயிற்று வலை சுற்றி, தாங்கியின் மேல் நிற்கும் ஒரு வெண்கலக் குடம். அதன் கீழே 'பெனின் கலைப்பொருள்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தக் குடம் இக்போ-உக்வு என்ற ஊரின் மண்ணிலிருந்து கிடைத்தது. பெனின் எடோ மக்களின் நகரம். இக்போ-உக்வு, நைஜர் ஆற்றுக்குக் கிழக்கே வாழும் இக்போ மக்களின் ஊர்.

1979 முதல் 1983 வரை நான் அந்த வட்டாரத்தில் கணித ஆசிரியராக இருந்தேன். அந்நாளில் இந்தியாவிலிருந்து பலரும் நைஜீரியப் பள்ளிகளுக்குப் போனோம். எனவே இது எனக்கு ஏட்டுச் செய்தி மட்டுமல்ல.

அந்தச் செம்மண் மேட்டில் நிலத்தடி நீர் மிக ஆழத்தில் கிடக்கிறது. கிணறு வெட்டுவது எளிதன்று. ஆகவே வளவுக்குள் குழி தோண்டி மழைநீரைத் தேக்கி வைப்பார்கள். மழை இல்லாத மாதங்களில் அந்தத் தொட்டிதான் குடும்பத்துக்கு உயிர். 1938-இல் ஐசையா அனோஸி என்பவர் தம் வீட்டில் அப்படியொரு தொட்டிக்காகத் தோண்டியபோதுதான் வெண்கலப் பொருள்கள் தட்டுப்பட்டன. அவற்றின் வயது அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டவர்களுக்குக் கொடுத்தார். சில பாத்திரங்களில் ஆடுகளுக்குத் தண்ணீர் வைத்ததாகவும் சொல்வார்கள்.

பிறகு தர்ஸ்டன் ஷா என்ற தொல்லியலாளர் 1959-60-இலும் 1964-இலும் முறையாக அகழ்ந்தார். மூன்று இடங்கள். அவற்றுக்கு இக்போ ஐசையா, இக்போ ரிச்சர்ட், இக்போ ஜோனா என்று நிலத்துக்குரிய அனோஸி குடும்பத்தாரின் பெயர்களையே வைத்தார். இன்றும் உலகமெங்கும் தொல்லியல் நூல்கள் அப்படித்தான் குறிப்பிடுகின்றன. நீர்த்தொட்டி தோண்டிய குடியானவரின் பெயர் அதில் நிலைத்துவிட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

இரண்டாவது இடத்தில் பெரும் மதிப்புக்குரிய ஒருவரை இருக்கையில் அமர்ந்த கோலத்திலேயே அடக்கம் செய்திருந்தார்கள். அருகில் யானைத் தந்தங்கள். மூன்று இடங்களிலும் சேர்த்து 1,65,000-க்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகளும் சூதுபவள மணிகளும் கிடைத்தன. அந்தச் சூதுபவளத்தில் ஒரு பகுதி இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து போயிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. வெண்கல முகங்களில் செதுக்கியிருக்கும் கோடுகள், 'இச்சி' என்று இக்போ மக்கள் சொல்லும் நெற்றித் தழும்புகளை நினைவூட்டுகின்றன. அருகிலுள்ள ந்ரி ஊரின் குருமன்னர்களோடு இந்தப் புதையலைத் தொடர்புபடுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஷாவின் காலக்கணிப்பின்படி இவை 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பெனின் கலைக்கும், நைஜீரியாவின் இன்னொரு பழைய கலை நகரமான இஃபேவின் கலைக்கும் பல நூற்றாண்டுகள் முந்தியவை. இந்தக் காலக்கணிப்பு வெளியானபோது அறிஞர்கள் சிலர் ஏற்கவில்லை. இத்தனை நுட்பம் அவ்வளவு முன்பே அங்கே எப்படி வந்திருக்கும், உலோகம் எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று கேட்டார்கள். பின்னாளில் நடந்த உலோகப் பகுப்பாய்வு, செம்பும் ஈயமும் தென்கிழக்கு நைஜீரியாவிலேயே உள்ள அபகலிகிப் பக்கத்துத் தாதுக்களோடு பொருந்துவதைக் காட்டியது. அந்த மண்ணின் உலோகம், அந்த மண்ணின் கைகள். மெழுகு வார்ப்பில் அவர்கள் செய்த சங்குப் பாத்திரத்தின் மேல் ஒரு சிறுத்தை நிற்கிறது. வேறு பாத்திரங்களில் ஈயும் வண்டும்கூட இருக்கின்றன. நீங்கள் போட்ட குடத்தின் உயரம் சுமார் 32 சென்டிமீட்டர்தான். அதில் கயிற்றின் முடிச்சுகளைக்கூடத் தனித்தனியே எண்ணலாம். லாகோஸ் தேசிய அருங்காட்சியகத்தில் அதை நேரில் பார்த்த அன்று நெடுநேரம் அங்கிருந்து நகர முடியவில்லை.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏகே, ஓரியே, அஃபோ, ந்க்வோ என்று நான்கு நாள்கள் கொண்டது அவர்களுடைய சந்தை வாரம். ஏகே நாளில் என் வகுப்பில் பாதி இருக்கைகள் காலியாக இருக்கும். பிள்ளைகள் தாய்மாரோடு சந்தைக்குப் போயிருப்பார்கள். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் கோலாக் கொட்டையை வைத்து, முதியவர் இக்போ மொழியில் வேண்டுதல் சொல்லி உடைப்பார். கோலாவுக்கு வேறு மொழி புரியாது என்பது அவர்கள் வாக்கு. லாகோஸிலும் கானோவிலும் வணிகம் செய்பவர்கள் கிறிஸ்துமஸுக்குத் திரும்பியதும் ஊர்ச் சங்கம் கூடும். ஆளுக்கு இவ்வளவு என்று வரி போட்டுப் பள்ளிக்கூடமும் சாலையும் கட்டுவார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து ஏறத்தாழப் பத்தாண்டே ஆன வேளையில் இதைக் கண்ணால் கண்டவன் நான்.

பெனின் கலைப்பொருள்கள் பெனினுக்குத் திரும்ப வேண்டும் என்று உருக்கமாக எழுதிய அதே பக்கத்தில், இன்னோர் ஊரின் பொருளை அதன் பெயரிலிருந்து பிரித்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். அடுத்த இதழில் அந்தப் படத்தை மீண்டும் சிறிய அளவிலாவது வெளியிட்டு, 'இக்போ-உக்வு, அனம்ப்ரா மாநிலம், நைஜீரியா. 9-ஆம் நூற்றாண்டு' என்று குறிப்பிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
பாளையங்கோட்டை.