பொதியில் குறையும் பொருளுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு,

கனடாவிலுள்ள மகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிய பொதியில் ஒடியல் மாவும் பனங்கட்டியும் போய்ச் சேர, மிளகாய்த்தூள் பைகள் மட்டும் காணாமற்போயிருந்தன. பெட்டியின் ஒட்டுநாடா இரண்டாம் முறை ஒட்டப்பட்டிருந்தது. முறையிட்டபோது, வைத்ததற்கு என்ன ஆதாரம் என்று பொதிச்சேவை முகவர் கேட்டார். ஆதாரம் அவர் தந்த பற்றுச்சீட்டிலேயே இருந்தது. அனுப்பும்போது பதிந்த நிறையையும் கையளிக்கும்போது உள்ள நிறையையும் ஒப்பிட்டாலே, பொருள் வழியில் குறைந்ததா, வைக்கப்படவேயில்லையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். (பொய் முறைப்பாடுகளும் வருவதை மறுக்கவில்லை, அவற்றையும் இதே நிறைதான் காட்டிக்கொடுக்கும்.) ஆகவே பெறுமிடத்தில் மீண்டும் நிறுப்பதையும், பொருட்பட்டியலில் இரு தரப்பும் கையொப்பமிடுவதையும் முகவர்கள் வழக்கமாக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, முறைப்பாட்டுக்குப் பதிலளிக்கும் காலவரையறையைப் பற்றுச்சீட்டிலேயே அச்சிடுமாறு அவர்களைப் பணிக்க முன்வர வேண்டும்.

வாசகர் ஒருவர்,
கொக்குவில்.