வயலினை மூடி வைத்த பிறகு

கண்ணா,

பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்துச் சரிசெய்யும் பொழுதுபோக்கை விட்டுவிட்டேன், இனி அந்த நேரமும் வயலினுக்குத்தான் என்று நீ போனில் சொன்னபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. களைப்பாக இருந்தாய், ஒத்திகைக்கு வேறு கிளம்பிக்கொண்டிருந்தாய், அந்த நேரத்தில் உன்னோடு வாதாட மனம் வரவில்லை. ஆனால் அந்த முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வயலினைக் கையில் எடுத்த காலத்திலிருந்து, வாசித்தவர்களும் பாடியவர்களும் இசை எழுதியவர்களும் எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடித் தேடிப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உனக்கே தெரியும். அந்தப் புத்தகங்களில் கச்சேரிகளைப் பற்றி எழுதியிருப்பதைவிட, வாத்தியத்தை மூடி வைத்த பிறகு அந்த மனிதர் என்ன செய்தார் என்ற பக்கங்களில்தான் நான் அதிக நேரம் நின்றுவிடுவேன்.

செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கை எடுத்துக்கொள். அவருக்கு ரயில் எஞ்சின் என்றால் உயிர். பிராக் நகரத்தில் இருந்தபோது ரயில் நிலையத்துக்குப் போய் நின்றுகொண்டு எந்த எஞ்சின் எப்போது வருகிறது, அதன் எண் என்ன என்று குறித்துக்கொள்வார், தன்னால் போக முடியாவிட்டால் மாணவர் யாரையாவது அனுப்புவார். அப்படிப் போன ஒருவர் யோசெப் சுக், நல்ல வயலின் கலைஞர், பின்னாளில் அவருக்கே மருமகன் ஆனவர். அவர் எஞ்சினின் எண்ணை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த நிலக்கரி வண்டியின் எண்ணை எழுதிக்கொண்டு வந்துவிட்டாராம், இந்த ஆளையா கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று மகளிடம் துவோர்ஷாக் சலித்துக்கொண்டாராம், அப்படி ஒரு கதை சொல்வார்கள். 1892இல் நியூயார்க் போனபோது அங்கே பயணிகளைத் தவிர வேறு யாரையும் நடைமேடைக்கு விடவில்லை. மனிதர் சும்மா இருந்தாரா? துறைமுகத்துக்குப் போய் நீராவிக் கப்பல்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், எது எப்போது புறப்படுகிறது என்றெல்லாம் தெரிந்து வைத்திருந்தார். நீ வாசித்திருக்கிறாயே அந்த ஒன்பதாவது சிம்பொனி, அதை எழுதியதும் அதே ஊரில், அதே காலத்தில்தான். சொந்த நாட்டுக் கிராமத்து வீட்டில் புறா வளர்த்தது இன்னொரு கதை.

அந்த சிம்பொனியில் கேட்கும் தாளம் ரயில் ஓடும் சத்தம்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிப்பதில்லை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இசைக்கு உதவியது என்று நிரூபித்தால்தான் அந்த மனிதர் ரயில் நிலையத்தில் நின்றது நியாயமாகும் என்பதுபோல ஏன் எழுத வேண்டும்? அவருக்கு எஞ்சின் பிடித்திருந்தது, போய்ப் பார்த்தார்.

நீயும் அப்படி ஒரு நியாயத்தைத்தான் தேடினாய். பழைய கைக்கடிகாரம் பெரும்பாலும் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை அடிக்கும், அதைக் கேட்டுக்கொண்டே இருந்தால் தாளம் காதில் உறுதியாக நிற்கும் என்று உன் ஆசிரியரிடம் சொன்னதாக ஒருமுறை சொன்னாய். அப்போதே எனக்கு மனசுக்குள் உறுத்தியது. அந்த வேலைக்கு அப்படி ஒரு அனுமதிச் சீட்டு எதற்கு? இன்று அந்தக் காரணம் போதவில்லை என்று தோன்றியதும் கடிகாரத்தையே விட்டுவிட்டாய் பார். வயலினுக்கு உதவும் என்று சொல்லிக் காப்பாற்றும் எதையும், உதவவில்லை என்று தோன்றும் நாளில் விட வேண்டித்தான் வரும்.

எனக்குத் தெரிந்த வரையில் உன் வேலைக்கு முடிவே கிடையாது. இன்று சரியாக வந்த நாலு வரி நாளைக்குக் காலையில் மறுபடி முதலிலிருந்து. நன்றாக இருந்ததா என்று சொல்வதும் நீ இல்லை, இசைக்குழு நடத்துனர் சொல்ல வேண்டும், பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும், கேட்க வந்தவர்கள் கைதட்ட வேண்டும். கடிகாரம் அப்படி இல்லை. பிரித்தாய், துடைத்தாய், ஸ்பிரிங்கை மாட்டினாய், சக்கரங்களை உட்கார வைத்தாய், ஓடினால் ஓடியது, ஓடாவிட்டால் ஓடவில்லை. ஓடிவிட்டால் அந்த வேலை முடிந்தது. யாரும் வந்து இன்னும் கொஞ்சம் உணர்ச்சியோடு ஓடியிருக்கலாம் என்று சொல்லப் போவதில்லை. வாரத்தில் ஒரு பொழுதாவது ஒரு வேலை முடிந்துபோவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் உனக்கு. நான் சொல்ல வந்ததே இதுதான்.

ஆங்கில இசையமைப்பாளர் எல்கருக்கும் அது தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அவருடைய வயலின் கான்செர்ட்டோ உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அது 1910இல் அரங்கேறியபோது அவர் ஹெரிஃபோர்டில் இருந்த வீட்டில் ஒரு ரசாயனக் கூடம் வைத்திருந்தார், அதற்குப் பேர்கூட வைத்திருந்தார், ‘ஆர்க்’ என்று. ஒருநாள் பாஸ்பரஸ் கலந்து ஏதோ பசை செய்திருக்கிறார், தானாகத் தீப்பிடிக்கும் சாமான் அது. அதை வைத்துவிட்டு வேறு வேலையாகப் போக வேண்டி வந்தபோது, பத்திரமாக இருக்கட்டும் என்று வெளியே இருந்த தண்ணீர்ப் பீப்பாயில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், கொஞ்ச நேரத்தில் பீப்பாய் வெடித்துத் தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டது. அவருடைய நண்பர் ரீட் எழுதி வைத்திருக்கும் சம்பவம் இது, அவரும் வயலின்காரர்தான். ஆனால் வெறும் விளையாட்டாக மட்டும் எல்கர் அதைச் செய்யவில்லை, ஹைட்ரஜன் சல்பைடு தயாரிக்க அவர் வடிவமைத்த கருவி அவர் பெயரிலேயே கொஞ்ச காலம் புழக்கத்தில் இருந்திருக்கிறது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது 1900இல், 43 வயதில். அப்புறம் மைல் கணக்கில் சுற்றியிருக்கிறார். உலகமே மதிக்கும் ஒரு மனிதர் 43 வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து எழுந்து கற்றுக்கொண்டதை நினைத்தால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம் வருகிறது. தெரியாத ஒன்றைத் தெரியாதவனாகவே செய்ய உன் துறையில் உனக்கு இனி இடமே கிடையாது. வேறு எங்கேயாவதுதான் அந்த இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜைப் பற்றி உன் வகுப்பில் நிறையப் பேசியிருப்பார்கள், அவருடைய காளான்களைப் பற்றிப் பேசினார்களா தெரியவில்லை. காட்டில் காளான் தேடுவதும் எது என்ன வகை என்று கண்டுபிடிப்பதும் அவருக்குப் பெரிய ஈடுபாடு. 1959இல் இத்தாலியத் தொலைக்காட்சியில் ஒரு வினாடி வினா நிகழ்ச்சியில் காளானையே தன் பாடமாக எடுத்துக்கொண்டு 50 லட்சம் லிரா வென்றார். கடைசிக் கேள்வியில் வெள்ளை வித்துள்ள காளான் வகைகளின் பெயர்களைக் கேட்டபோது இருபத்து நான்கையும் அகர வரிசையில் சொன்னாராம். 1962இல் நண்பர்களோடு சேர்ந்து நியூயார்க்கில் காளான் ஆர்வலர்களுக்கென்று ஒரு சங்கமே ஆரம்பித்தார். சும்மா சத்தங்களையெல்லாம் இசை என்று வைத்துக்கொண்டவர், எதுவும் எப்படியும் இருக்கலாம் என்று விட்டவர், காளானில் மட்டும் அப்படி விட முடியாது, தப்பாகச் சொன்னால் விஷம். ஒருவேளை அந்தக் கறாரான தன்மைதான் அவரை இழுத்ததோ என்னவோ.

இன்னும் எத்தனையோ இசைக்காரர்கள். ஷொஸ்டகோவிச்சுக்குக் கால்பந்து வெறி, நடுவராகவே தேர்ச்சி பெற்றிருந்தார், ஆட்டக் கணக்குகளை நோட்டில் எழுதி வைப்பார். ஷோன்பெர்க்கும் கெர்ஷ்வினும் டென்னிஸ் ஆடினார்கள், இரண்டு பேருமே ஓவியமும் வரைந்தவர்கள். நம் இளையராஜா கையில் கேமரா, லதா மங்கேஷ்கர் கையிலும் கேமரா. புரோகோஃபீவ் சதுரங்கத்தில் சாதாரண ஆள் இல்லை, 23 வயதில், பின்னாளில் உலக சாம்பியனான காபாபிளாங்கா ஒரே நேரத்தில் பலரோடு ஆடியபோது அவரை ஒரு ஆட்டத்தில் ஜெயித்திருக்கிறார். 1937இல் மாஸ்கோவில் அவரும் வயலின் கலைஞர் டேவிட் ஓய்ஸ்ட்ராக்கும் சதுரங்கப் போட்டி வைத்துக்கொண்டார்கள், தோற்றவர் கச்சேரி செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. உனக்குத் தெய்வம் மாதிரி இருக்கும் ஓய்ஸ்ட்ராக், மணிக்கணக்கில் குதிரையையும் யானையையும் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவர்கள் பெரிய ஆட்கள், எனக்குத்தான் நேரம் இல்லை என்பாய். சரி, நேரத்தைப் பற்றியும் பேசிவிடலாம். 10,000 மணி நேரம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது 1993இல் எரிக்சன் என்பவரும் அவருடைய சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் மேல்நிலையில் இருந்த மாணவர்கள் தனியாகப் பயிற்சி செய்தது வாரத்துக்குச் சுமார் 24 மணி நேரம், நாளுக்கு மூன்றரை மணி மாதிரி. அதையும் ஒரே மூச்சில் செய்யாமல் இடையிடையே ஓய்வு எடுத்துத்தான் செய்திருக்கிறார்கள். மற்றவர்களைவிட அதிகம் தூங்கியவர்களும் அவர்களேதான், பகல் தூக்கத்தையும் சேர்த்து. 10,000 என்ற எண்ணை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், தூக்கத்தை விட்டுவிட்டார்கள். நீ ஒத்திகையில் அத்தனை நேரம் வாசித்துவிட்டு அறைக்கு வந்து மறுபடி மூன்று மணி நேரம் வாசிக்கிறேன் என்கிறாய். அதில் கடைசி ஒரு மணி நேரத்தில் உன் காது உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறதா, கை மட்டும் போய்க்கொண்டிருக்கிறதா என்று நீயே யோசித்துப் பார். இசையமைப்பாளர் ஷூமானின் வலது கை விரல் கெட்டுப்போன கதை உனக்குத் தெரியும், காரணத்தைப் பற்றி இன்னும் வாதாடுகிறார்கள், ஆனால் விரலை வலுவாக்க அவர் கருவியெல்லாம் வைத்துப் பாடுபட்டார் என்பதும், பியானோ கலைஞராகும் கனவு அதோடு போனது என்பதும் நடந்தவைதான்.

வயலின் மேதை மெனுஹினைச் சொல்லாமல் விட்டால் நீ அவரைக் கொண்டு வருவாய். 1952இல் பி.கே.எஸ். ஐயங்காரைச் சந்தித்து யோகா பழகினார், வாசிப்பே மாறிவிட்டது என்றார், தனக்கு வாய்த்த மிகச் சிறந்த வயலின் ஆசிரியர் என்று பொறித்து ஐயங்காருக்கு ஒரு கைக்கடிகாரமே பரிசளித்தார். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் உடம்பு வலிக்காகப் போய்ச் செய்வது மருந்து. நீயும் தோள்பட்டைக்கு அந்த மாதிரி ஏதாவது செய்தால் நல்லதுதான், அதைச் செய்துவிட்டு, என் ஓய்வு நேரம் முடிந்தது என்று மட்டும் கணக்கு எழுதிவிடாதே.

கையைப் பற்றிக் கொஞ்சம். ஆறு மணி நேரம் வில் பிடித்த அதே கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் ட்வீசரையும் பிடிக்கின்றன, கழுத்தும் அதேபோலக் குனிந்துதான் இருக்கிறது. இதை நீ சொல்லவில்லை, நானாகத்தான் யோசித்தேன். வலி இருப்பதால்தான் கடிகாரத்தை விட்டாய் என்றால் மறைக்காமல் சொல். அப்படியானால் கடிகாரம் வேண்டாம், வேறு எதையாவது எடுத்துக்கொள், நடப்பது, நீந்துவது, செடி வளர்ப்பது, பறவை பார்ப்பது, எதுவானாலும் சரி. கச்சேரி இல்லாத நாளில் மட்டும் கடிகாரத்தை எடுப்பது, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையை உதறுவது என்று வைத்துக்கொண்டாலும் போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, அதை வீடியோ எடுத்துப் போட வேண்டாம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை வந்துவிட்டால் அதுவும் ஒரு மேடை ஆகிவிடும். ராட் ஸ்டீவர்ட் என்ற பாடகர் ஒரு நகரத்தையே சின்ன அளவில், 87இல் ஒரு பங்காக, ரயில் பாதையும் கட்டடங்களுமாக 20 ஆண்டுகளுக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தார். கச்சேரிக்குப் போகும் ஊர்களில் அதற்கென்று ஓட்டலில் தனி அறை எடுத்து, பெயிண்ட், பசை, கருவிகள் என்று எல்லாவற்றையும் கூடவே கொண்டுபோவார். 2019இல்தான் முழுமையாக வெளியே காட்டினார். அவரே கட்டியிருப்பாரா என்று ஒரு வானொலி நிகழ்ச்சியில் சந்தேகமாகப் பேசியதும், உடனே அவரே போன் போட்டு, தொண்ணூறு சதவீதம் என் கையால் செய்தது, மின்சார வேலை மட்டும் எனக்கு வராது, அதை வேறு ஒருவர் செய்தார் என்று சொன்னார். கோடிக்கணக்கான பேர் பாட்டுக்காகக் கொண்டாடும் மனிதருக்கு அந்தக் கட்டடங்கள் தன்னுடையவை என்று சொல்வதில் எவ்வளவு ரோஷம் பார்.

உன் இசைக்குழுவில் டபுள் பாஸ் வாசிக்கும் அந்தத் தம்பி மரவேலை செய்யக் கூப்பிடுகிறார் என்றாயே, அதற்குப் போ. நல்ல பையனாகத் தெரிகிறார், நோட்டு, சுருதி, யாருக்கு எந்த நாற்காலி என்ற பேச்சே இல்லாமல் நீங்கள் இரண்டு பேரும் ஏதாவது செய்வது நல்லது. ஆனால் அங்கே மின்ரம்பம் இருந்தால் அதன் பக்கம் நீ போகாதே, விரலுக்காகவும் காதுக்காகவும். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்று அமெரிக்கத் தொழில்நலத் துறையின் பரிந்துரை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். அப்படிக் கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்கு வெறும் கால் மணி நேரம்தான், மின்ரம்பம் அந்த அளவை எளிதாகத் தொட்டுவிடும். நீ ஏற்கெனவே தினமும் பித்தளை வாத்தியங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாய். கை ரம்பம், உளி, இழைப்புளி போதும். அவர் எந்திரத்தை ஓட்டும்போது நீ வெளியே வந்துவிடு, உள்ளே இருக்க வேண்டி வந்தால் காதை மூடும் பெரிய ஹெட்போன் மாதிரிக் கவசத்தைப் போட்டுக்கொள். வாங்கிவிட்டாயா என்று ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது கேட்பேன்.

அன்புடன்,
அம்மா