குமிழிகளை ஓட்டும் முன்

அன்புள்ள கனகா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம், மழைதான் விட்டபாடில்லை. நூலகத்தில் உலக வளர்ச்சி பற்றி ஒரு மணி நேரம் பேச ஒத்துக்கொண்டிருக்கிறாய். முதலில் உலகப் புள்ளிவிவரங்களை நகரும் படங்களாகக் காட்டிய சுவீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங்கின் வீடியோ, பிறகு நீ செய்த குமிழி வரைபடம் என்று திட்டம் போட்டிருக்கிறாய். என்னைக் கேட்டால் வீடியோவைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். அந்த மனிதரைப் பார்த்த கையோடு வேறு யார் பேசினாலும் எடுபடாது.

தொடக்கத்தில் அவருடைய வினாத்தாள் உத்தியை மட்டும் கடன் வாங்கிக்கொள். 2006 டெட் உரையில் அவர் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார். சுவீடனின் மருத்துவப் பல்கலைக்கழகமான கரோலின்ஸ்கா நிறுவனத்து மாணவர்களிடம் ஐந்து ஜோடி நாடுகளைக் கொடுத்து, ஒவ்வொரு ஜோடியிலும் குழந்தை இறப்பு எங்கே அதிகம் என்று கேட்டார். இலங்கையா துருக்கியா, போலந்தா தென்கொரியாவா என்ற மாதிரி. மாணவர்களுக்குக் கிடைத்த சராசரி ஐந்துக்கு 1.8. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 2.5 வந்திருக்கும். சிம்பன்சியிடம் கேட்டிருந்தால் பாதி சரியாகச் சொல்லியிருக்கும் என்று கிண்டல் செய்கிறார். ஒன்றும் தெரியாதவனுக்கு 2.5 கிடைக்கிறது. அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் தவறாக ஏதோ 'தெரிந்திருக்க' வேண்டும். பின்னால் வரும் படம் முழுக்க அந்தத் தவறான தெரிதலுக்குப் பதில்தான்.

அதை நீ செய்யும்போது ஒன்று கவனி. ஜோடியில் ஒரு நாட்டின் எண் மற்றதைப்போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். குழந்தை இறப்பு விகிதம் பல நாடுகளில் கணிப்புதான், பிழை இடைவெளி உண்டு. வித்தியாசம் சிறியதாக இருந்தால் விடையே மாறிவிடும். 2006-இன் ஜோடிகளை அப்படியே போடாதே, புதிய எண்களைப் பார்த்து நீயே பொறுக்கு. கை தூக்கச் சொல்லாமல் துண்டுத்தாளில் எழுதி வாங்கு. கை தூக்கச் சொன்னால் பக்கத்துக் கையைப் பார்த்துத்தான் பாதிப்பேர் தூக்குவார்கள்.

இனி வரைபடம். நாட்டுக்கு ஒரு குமிழி, கிடை அச்சில் தலா வருமானம், நிலை அச்சில் ஆயுட்காலம், குமிழியின் அளவில் மக்கள்தொகை. பைத்தான் நிரல்மொழியில் பிளாட்லி என்ற வரைபடப் பொதியை வைத்துச் செய்கிறாய் என்றால், அதனுடனேயே ரோஸ்லிங் தொடங்கிய கேப்மைண்டர் அமைப்பின் தரவில் ஒரு சுருக்கப் பிரதி வருகிறது. 142 நாடுகள், 1952 முதல் 2007 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை, மொத்தம் 1,704 வரிகள். பழக இது போதும். ஆனால் கையேட்டில் உள்ள மாதிரி நிரலை அப்படியே எடுத்து ஒட்டாதே. அதில் கிடை அச்சு 100 முதல் 1,00,000 வரை, நிலை அச்சு 25 முதல் 90 வரை. குவைத்தின் தலா வருமானம் 1957-இல் 1,13,500 டாலரைத் தாண்டுகிறது. ருவாண்டாவின் ஆயுட்காலம் 1992-இல் 23.6. இரண்டுமே படத்தின் எல்லைக்கு வெளியே போய்விடும். கிடையில் 200 முதல் 1,50,000, நிலையில் 20 முதல் 90 என்று வை. எல்லையே தராமல் விட்டால் இன்னும் மோசம். முதல் ஆண்டுக்குத் தகுந்தபடி அச்சு நின்றுகொள்ளும், ஓட்ட ஓட்டக் குமிழிகள் ஒவ்வொன்றாக வெளியேறும்.

அந்த ருவாண்டா எண்ணை யாராவது கேட்டால் தயாராக இரு. இனப்படுகொலை நடந்தது 1994-இல், படத்தில் பள்ளம் தெரிவது 1992-இல். ஐ.நா.வின் ஆயுட்கால மதிப்பீடுகள் அப்போது 1990–95 என்ற ஐந்தாண்டுக் கட்டமாக வந்தவை. அந்தச் சராசரி கட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு எண்ணைப் பார்த்தால், அது எந்தக் காலத்தின் சராசரி என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, இந்தப் பிரதியில் ரஷ்யா கிடையாது, உக்ரைனும் கிடையாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் முழுத்தரவு இருக்கும் நாடுகளை மட்டும் வைத்துக்கொண்டதன் விளைவு. சோவியத் சிதைந்தபின் ரஷ்யாவில் ஆயுட்காலம் சரிந்தது பெரிய நிகழ்ச்சி. அது இந்தப் படத்தில் நடக்கவே இல்லை. 'எல்லா நாடும் மேலே போகிறது' என்று சொல்லிவிடாதே.

குமிழியின் பரப்புதான் மக்கள்தொகையைக் காட்ட வேண்டும், விட்டம் அல்ல. 2007-இல் இந்தியா 111 கோடி, இலங்கை 2 கோடி, கிட்டத்தட்ட 54 மடங்கு. பரப்பை அளவாக வைத்தால் இந்தியாவின் விட்டம் இலங்கையினுடையதைப்போல ஏழு மடங்குக்குச் சற்று மேல். விட்டத்தை அளவாக வைத்தால் பரப்பு ஏறக்குறைய 3,000 மடங்காகி இலங்கை புள்ளியாகிவிடும். பிளாட்லி தானாகவே பரப்பை எடுத்துக்கொள்கிறது. எக்செல்லில் செய்தால் பரப்பா அகலமா என்று ஒரு தேர்வு இருக்கும், பார்த்துக்கொள்.

வருமான அச்சு மடக்கை அளவில்தான் இருக்க வேண்டும். சாதாரண அளவில் வரைந்து பார், 2007-இல் 2,452 டாலர் உள்ள இந்தியா குவைத்தின் பழைய எண்ணோடு ஒப்பிட்டால் இடது விளிம்பிலிருந்து நூற்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மடக்கை அளவில் 500-லிருந்து 1,000-க்குப் போகும் தூரமும் 20,000-லிருந்து 40,000-க்குப் போகும் தூரமும் ஒன்றே. ஏழைக் குடும்பத்துக்கு ஐந்நூறு டாலர் கூடுதலாகக் கிடைப்பது என்ன என்று நினைத்தால் இது நியாயம்தான். ஆனால் இதே மடக்கை அளவு, நாடுகளுக்கு இடையிலான இடைவெளியைக் கண்ணுக்குச் சுருக்கியும் காட்டுகிறது. அருகருகே மிதக்கும் இரண்டு குமிழிகளுக்கு நடுவே நான்கு மடங்கு வருமான வேறுபாடு இருக்கலாம். அதை வாய்விட்டுச் சொல், படம் சொல்லாது. டாலர் என்பது இங்கே வங்கி மாற்று விகிதம் இல்லை, உள்ளூர் விலைவாசியைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்த டாலர் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடு.

அண்மைக்கால எண்கள் வேண்டுமென்றால் உலக வங்கிக் கோப்பை இறக்கு. முதல் நான்கு வரிகள் குறிப்புகள், தலைப்பு ஐந்தாவது வரியில்தான். ஆண்டுகள் பத்திபத்தியாக அகலவாக்கில் இருக்கும், நீளவாக்கில் மாற்றிக்கொள். 'உலகம்', 'தெற்காசியா' போன்ற தொகுப்புகளும் நாடுகளோடு கலந்து கிடக்கும். எடுக்காவிட்டால் படத்தின் நடுவில் பூதம் மாதிரி ஒரு குமிழி வரும். கோப்புகளை நாட்டின் பெயரை வைத்து இணைக்காதே, ஒவ்வொரு நிறுவனமும் எகிப்தையும் கொரியாவையும் ஒவ்வொரு விதமாக எழுதும். மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்து இணை. இரண்டெழுத்துக் குறியீட்டில் நமீபியாவுக்கு 'என்.ஏ.' வருகிறது, அதை 'விவரம் இல்லை' என்று எண்ணி, பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் பொதி விழுங்கிவிடும்.

ஓட்டுவதைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. நகரும் படம் பார்க்கச் சுவை, ஆராய்வதற்கு உதவாது. 2008-இல் ராபர்ட்சன் குழுவினர் இதைச் சோதித்தார்கள். ஆராய்ச்சி வேலைக்கு அசைவூட்டத்தைவிட அசையாத படங்களில் மக்கள் வேகமாக விடை கண்டார்கள். நாட்டுக்கொன்றாகச் சிறு படங்களை அடுக்கியதில் தவறும் குறைந்தது. ரோஸ்லிங் 200 நாடுகளை நான்கு நிமிடத்தில் ஓட்டியதில் குழப்பம் வராததற்குக் காரணம், பார்வையாளர் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அவர் வாயும் கையும் சொல்லிக்கொண்டே இருந்தன. முதலில் அச்சுகளை விளக்கினார். 1948-இல் நிறுத்தினார். கடைசியில் சீனாவைப் பிரித்து ஷாங்காயை இத்தாலிக்குப் பக்கத்திலும் ஏழை மாகாணமான குய்சோவைப் பாகிஸ்தானுக்குப் பக்கத்திலும் வைத்தார். நாட்டுச் சராசரி எதை மூடி மறைக்கிறது என்பது அந்த ஒரு செய்கையில் விளங்கிவிடுகிறது. நீ இந்தியாவைப் பிரி. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் கேரளத்தில் 4.4, உத்தரப் பிரதேசத்தில் 50.4.

ஆகவே நாற்பது குமிழியைத் துரத்தச் சொல்லாமல் இரண்டைப் பிடி. இலங்கையும் துருக்கியும் போதும், வினாத்தாளோடும் பொருந்தும். 1952-இல் துருக்கியின் தலா வருமானம் 1,969 டாலர், ஆயுட்காலம் 43.6. இலங்கைக்கு 1,084 டாலர்தான், ஆயுட்காலமோ 57.6. ஏறக்குறையப் பாதிப் பணத்தில் பதினான்கு ஆண்டு கூடுதல். அங்கே நிறுத்திவிட்டு, அடுத்து யார் எங்கே போவார்கள் என்று தாளில் அம்புக்குறி போடச் சொல். பிறகு ஓட்டு. 2007-இல் துருக்கி 71.8, இலங்கை 72.4. வருமானத்தில் துருக்கி இரண்டு மடங்குக்கு மேல் முன்னே. பணம் இல்லாமலும் எவ்வளவு தூரம் மேலே ஏறலாம், பின்தங்கியவர் எப்படி வந்து சேர்ந்துகொள்கிறார் என்று பேச அரை மணி நேரம் காணாது.

வினாத்தாளுக்கு ஜோடிகளைத் தேர்ந்ததும் எனக்கு அனுப்பு, எண்களை ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன். ப்ரொஜெக்டரில் வெளிர் மஞ்சள் குமிழி தெரியாது, முந்தின நாள் மாலையே போய்ப் போட்டுப் பார்த்துவிடு.

அன்புடன்,
மீனாட்சி