தட்டில் தெரியும் பற்றாக்குறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் விடுதிகளில் உணவின் தரம் குறைந்துவருவது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான செய்தியைப் படித்தேன். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் விடுதியில் துணைக் காப்பாளராக ஒன்பது ஆண்டுகள் வரவு செலவு பார்த்தவன் நான். சாம்பார் நீர்த்துப்போனால் சமையற்காரரைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் அது சமையற்காரரின் குற்றமல்ல, கணக்குப் புத்தகத்தில் ஏறாத பற்றாக்குறைதான் தட்டில் வந்து நிற்கிறது என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

அரசின் நலத்துறைகள் நடத்தும் விடுதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே தங்குபவர்களுக்கு மாத உணவுப்படி 2023-இல் உயர்த்தப்பட்டது. பள்ளி மாணவர்களுக்கு 1,000 ரூபாயாக இருந்தது 1,400 ஆனது, கல்லூரி மாணவர்களுக்கு 1,100 ரூபாயாக இருந்தது 1,500 ஆனது. வரவேற்க வேண்டிய உயர்வுதான். ஆனாலும் முப்பதால் வகுத்துப் பார்த்தால் கல்லூரி மாணவருக்கு மூன்று வேளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 50 ரூபாய், பள்ளி மாணவருக்கு 47 ரூபாய்க்கும் குறைவு. 2025 ஜூலையில் இவ்விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டப்பட்டது. பெயர்ப்பலகை மாறிய அளவுக்கு உணவுப்படியும் விலைவாசியைப் பார்த்து ஆண்டுதோறும் மாறினால் காப்பாளர்கள் மூச்சு விடுவார்கள்.

நான் அதிகம் அறிந்தவை கல்லூரிகளே நடத்தும் விடுதிகள். இவற்றில் பெரும்பாலும் ‘டிவைடிங் சிஸ்டம்’தான். மாதத்தின் மொத்தச் செலவை மாணவர்கள் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்து, வரும் தொகையை அவரவர் இருந்த நாட்களால் பெருக்கி மெஸ் பில் போடுவார்கள். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்பது இதன் அழகு. விடுதி நிறைந்திருக்கும் வரை அந்த அழகு நிலைக்கும். அரிசி, பருப்பு, காய்கறிச் செலவு ஆட்கள் குறைந்தால் குறையும், ஆனால் சமையற்காரர் சம்பளமும் காவலாளி சம்பளமும் மோட்டார் ஓடும் மின்கட்டணமும் குறைவதில்லை. நான் பொறுப்பேற்றபோது எங்கள் விடுதியில் 240 பேர் இருந்தனர், இப்படிப்பட்ட நிலைச்செலவு மாதம் 1,80,000 ரூபாய். தலைக்கு 750 ரூபாய் விழுந்தது. பேருந்து வசதி பெருகி, ஊரிலிருந்தே வந்துபோகும் மாணவர்கள் அதிகமாகி, விடுதியில் 150 பேர் மட்டும் எஞ்சிய ஆண்டில் சம்பளம் ஒரு ரூபாய்கூட உயராமலே அதே செலவு தலைக்கு 1,200 ரூபாய் ஆனது. பில்லைப் பார்த்து இன்னும் இருபது பேர் வெளியே அறை எடுத்துக்கொண்டு போனார்கள், மீதமிருந்தவர்களின் பில் மேலும் ஏறியது. பில் ஏறாமல் காட்ட வேண்டுமென்றால் கை வைக்கக்கூடிய ஒரே இடம் பருப்புதான். இரவு உணவில் முட்டை வாரம் மூன்றிலிருந்து ஒன்றானது அப்படித்தான்.

பணம் போதாமையைக் காட்டிலும் அது வரும் காலம் பெரிய சிக்கல். ஆதிதிராவிட மாணவர்கள் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கத் தரப்படும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். 2021 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்கின்றன. மாநிலம் தன் பங்கைச் செலுத்திய பிறகே மத்திய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போகிறது. பி.ஏ., பி.எஸ்சி. போன்ற படிப்புகளில் விடுதி மாணவருக்கான படி ஆண்டுக்கு 6,000 ரூபாய். பத்து மாதத்துக்கு வகுத்தால் மாதம் 600 ரூபாய், எங்கள் மெஸ் பில்லில் அது ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. அந்தத் தொகையும் ஜூன் மாதம் சேர்ந்த மாணவரின் கைக்கு அடுத்த ஆண்டு பிப்ரவரியிலோ மார்ச்சிலோதான் வந்து சேர்ந்தது. அதுவரை அந்தப் பையனும் சாப்பிட்டாக வேண்டும், மளிகைக் கடைக்காரருக்கும் மாதாமாதம் கொடுத்தாக வேண்டும்.

எங்களுக்கு மளிகை போட்டவர் பழுப்பு அட்டை போட்ட நீளமான பேரேட்டில் எங்கள் பாக்கியைத் தனிப் பக்கங்களில் எழுதிவைப்பார். டிசம்பர் வந்தால் பக்கம் நிறைந்துவிடும். “சார், உங்களை நம்பித்தான் போடுறேன்” என்று சொல்வாரே தவிர ஒருநாளும் சரக்கை நிறுத்தியதில்லை. ஆனால் கடன் சரக்கின் விலை வேறு. ரொக்கம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் விலையைவிடத் துவரம் பருப்புக்குக் கிலோவுக்கு எட்டு, பத்து ரூபாய் கூடுதலாக எங்கள் பக்கத்தில் ஏறும். அதைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வட்டியை அவர் வேறெப்படி எடுப்பார்? உதவித்தொகை தாமதமாவதால் வரும் அந்த வட்டியை உதவித்தொகைக்குக் காத்திருக்கும் ஏழை மாணவரே மெஸ் பில்லில் கட்டுகிறார்.

இந்த இடைவெளியை அடைக்க நிர்வாகம் கண்ட வழியைப் பற்றிப் பேச இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சேரும்போது ஒவ்வொரு மாணவரும் கட்டும் காப்புத்தொகை, படிப்பு முடிந்ததும் திருப்பித் தரவேண்டிய பணம். அதை விடுதியின் நடப்புக் கணக்கிலேயே போட்டு மளிகை பாக்கிக்கும் எரிவாயுவுக்கும் எடுத்துக்கொண்டார்கள். இறுதியாண்டு மாணவருக்குத் திருப்பிக் கொடுத்தது முதலாண்டு மாணவரின் பணம். சேர்க்கை குறையாத வரை இது யார் கண்ணுக்கும் படவில்லை. குறைந்த ஆண்டில் 90 பேர் பணம் கேட்டு வந்தனர், புதிதாகச் சேர்ந்தவர்கள் 40 பேர்தான். நான் அந்தக் காசோலைகளில் கையெழுத்திட்டவன், எனக்கும் இதில் பங்குண்டு.

வரியைப் பற்றியும் ஒரு சொல். தலைக்கு மாதக் கட்டணம் 20,000 ரூபாய்க்கு மிகாத, குறைந்தது 90 நாள் தொடர்ந்து தங்கும் விடுதிகளுக்கு 2024 ஜூலை முதல் ஜிஎஸ்டி விலக்கு உள்ளது. ஆனால் மெஸ் அடுப்புக்கு வாங்கும் 19 கிலோ வணிக சிலிண்டருக்கு 18 விழுக்காடு வரி, வீட்டு சிலிண்டருக்கோ 5 விழுக்காடுதான். விலக்குப் பெற்ற விடுதி மாணவரிடம் வரி வசூலிப்பதில்லை என்பதால், அந்த வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

அரசிடமும் கல்லூரி நிர்வாகங்களிடமும் நான் கேட்பவை பெரிய நிதி ஒதுக்கீடுகள் அல்ல. உதவித்தொகை உறுதியான மாணவர் பட்டியலை ஈடாகக் கொண்டு, நான்கு மாத மெஸ் செலவுக்கு நிகரான சுழல்நிதியை வட்டியின்றி ஜூனிலேயே விடுதிக்குத் தரலாம், உதவித்தொகை வந்ததும் அது திரும்பிவிடும். மளிகையை ரொக்கத்தில் வாங்கினால் மிச்சமாவது மட்டுமே தலைக்கு மாதம் இரண்டு முட்டைக்குக் காணும். நிலைச்செலவை மெஸ் பில்லிலிருந்து பிரித்து, காலியாகக் கிடக்கும் இடங்களுக்கான பங்கைக் கல்லூரியே ஏற்க வேண்டும். பாதி நிறைந்த இரண்டு கட்டடங்களை ஓட்டுவதற்குப் பதில் ஒன்றைப் பூட்டிவிட்டு ஒரே சமையற்கூடம் வைத்துக்கொள்ளும் துணிவும் தேவை. எங்கள் கல்லூரியில் அந்த யோசனை மூன்று கூட்டங்களில் பேசப்பட்டு, ‘பெயர் கெட்டுவிடும்’ என்று கைவிடப்பட்டது.

இவை எதற்கும் காத்திராமல் இந்த மாதமே செய்யக்கூடியது, காப்புத்தொகை முழுவதையும் தனி வைப்புக் கணக்குக்கு மாற்றி, நிர்வாகத்தின் கையெழுத்தோடு மெஸ் கமிட்டி மாணவர் பிரதிநிதியின் கையெழுத்தும் இல்லாமல் அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாதபடி செய்வது. நான் ஓய்வுபெற்ற நாளில் காப்புத்தொகை திரும்பக் கிடைக்காத பழைய மாணவர்கள் 31 பேர் எங்கள் பட்டியலில் இருந்தனர். அவர்களுக்குக் கடிதம் எழுதி அழைத்துப் பணத்தைக் கொடுப்பதிலிருந்து அந்தக் கணக்கைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதித் துணைக் காப்பாளர்,
தஞ்சாவூர்.