விண்டோவை நகர்த்த மவுஸ்தான் வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கணினி கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், தான் வாங்கிய பில்லிங் சாஃப்ட்வேரைப் பற்றிக் கேட்டிருந்தார். விண்டோஸ் கீயோடு இடது அம்புக்குறியை அழுத்தினால் மற்ற சாஃப்ட்வேர்களின் விண்டோவெல்லாம் திரையின் பாதிக்கு ஒதுங்குகிறது, இது மட்டும் அசைய மாட்டேன் என்கிறதே என்பது அவர் கேள்வி. மவுஸால் இழுத்து வைத்துக்கொண்டால் போயிற்று, இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று பதில் கொடுத்திருந்தீர்கள். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து உங்கள் இதழ் வாங்குகிறோம். அந்தப் பதிலை உங்களிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை.

நான் செவ்வாய்ப்பேட்டையில் இருந்துகொண்டு கொலுசுப் பட்டறைகளுக்கும் சில சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கும் கணக்கு எழுதுகிறேன். எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மாதம் 11-ம் தேதிக்குள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போக வேண்டும், 20-ம் தேதிக்குள் வரி கட்டும் கணக்கான 3பி போக வேண்டும். நடுவில் 14-ம் தேதி, நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் 2பி பட்டியல் வரும். அதை இடது பக்கமும், எங்கள் கொள்முதல் பதிவை வலது பக்கமும் வைத்து, பில் பில்லாக ஒத்துப் பார்க்க வேண்டும். வெள்ளி நகைக்கு 3 சதவீதம், அதைச் செய்து தரும் கூலிக்கு 5 சதவீதம் என்பதால் ஒரே கொலுசுக்கு இரண்டு இடத்திலிருந்து பில் வரும். பில் எண்ணில் ஒரு சாய்கோடு விட்டுப்போனால்கூடப் பொருந்தாது. என் இடது கை ஆள்காட்டி விரல் காகித பில்லின் வரி மேல் இருக்கும், வலது கை நம்பர் பேடில் இருக்கும். இதில் மவுஸை எந்தக் கையால் பிடிப்பது?

பழைய சாஃப்ட்வேரில் இந்தப் பிரச்சினை கிடையாது. விண்டோஸ் கீயோடு இடது அம்பு, அப்புறம் அடுத்ததற்கு வலது அம்பு, வேலை தொடங்கிவிடும். வாடிக்கையாளர் ஒருவர் வற்புறுத்தியதால் மாற்றிய புதியதில் அது இல்லை. தலைப்புப் பட்டை என்று ஒன்று மேலே இருக்க வேண்டுமே, அந்த இடத்தில் தேடல் பெட்டி, மணி பொம்மை, புதுத் திட்டத்துக்கான விளம்பரம் என்று அடைத்து வைத்திருக்கிறார்கள். பிடித்து இழுக்க நடுவில் விரற்கடை இடம்தான் மிச்சம். கொஞ்சம் தள்ளிப் பட்டால் விளம்பரம் திறந்துகொள்கிறது. ஓரத்தைப் பிடித்துச் சுருக்கப் பார்த்தால் அந்தக் கோடு கண்ணுக்கே தெரிவதில்லை. கஷ்டப்பட்டு ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தாலும், மூடித் திறந்தால் மறுபடி முழுத் திரையையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. ப்ரொஜெக்டரைக் கழற்றிய பிறகு விண்டோ திரைக்கு வெளியே போய் ஒளிந்துகொண்டால், ஆல்ட்டும் ஸ்பேஸ் பாரும் அழுத்தி, எம் தட்டி, அம்புக்குறியால் உள்ளே இழுத்து வருவோமே, அந்த மெனுவும் இதில் வராது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினான். "இன்னொரு மானிட்டர் வாங்கிடுங்க மேடம்" என்றான். அவர்கள் செய்யாமல் விட்ட வேலைக்கு நான் ஏன் மானிட்டர் வாங்க வேண்டும்?

இது நேற்று வந்த புதுமையா? 1985-ல் வந்த முதல் விண்டோஸில் விண்டோக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறவே ஏறாது, பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். ஆல்ட்டும் எஃப்4-ம் அழுத்தினால் மூட வேண்டும், எஃப்1 என்றால் உதவி வர வேண்டும் என்பதையெல்லாம் ஐ.பி.எம். 1987-லேயே பொது நெறியாக எழுதி வைத்தது. அம்புக்குறியால் பாதித் திரைக்கு ஒதுக்குவது 2009-ல் விண்டோஸ் 7-ஓடு வந்துவிட்டது. ஆப்பிள்காரர்கள்கூட 2024-ல் மேக்கில் சேர்த்துவிட்டார்கள். இதைச் செய்வது விண்டோஸ்தான், சாஃப்ட்வேர்காரர் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அழகுக்காக விண்டோவைச் சுற்றி விண்டோஸ் போடும் வழக்கமான சட்டத்தைக் கழற்றிவிட்டுத் தாங்களே ஒன்றை வரைந்துகொள்கிறார்கள். இந்த விண்டோவின் அளவை மாற்றலாம் என்று விண்டோஸுக்குச் சொல்லாமலும் விட்டுவிடுகிறார்கள். சொல்லாததை அது எப்படி ஒதுக்கும்? சொந்தமாகப் பட்டை வரைந்தும் இந்தக் கீகளை ஒழுங்காக மதிக்கிற சாஃப்ட்வேர்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆகவே முடியாது என்பதில்லை, மனம்தான் இல்லை.

எங்கள் வயதுக்காரர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் ஹையர் முடித்து வந்த கைகள் இவை. 1999-ல் அரசாங்கம் தமிழ்99 என்று ஒரு விசைப்பலகையை அறிவித்தது. சரி, பொதுவாக ஒன்று வந்ததே என்று அதையும் பழகினேன். ஆனால் போகிற இடமெல்லாம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு எழுத்துரு, ஒரு விசைப்பலகை. 2010-ல் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைதான் என்று அரசே முடிவு செய்த பிறகும், அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் குப்பையாகத் தெரிகிற கோப்புகள் இன்னும் எனக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில், பாக்ஸ்புரோ என்ற மென்பொருளில் எழுதிய பில்லிங்கில் என்டர் தட்டத் தட்ட அடுத்த கட்டத்துக்குப் போகும், கை பலகையை விட்டு எழாது. இப்போது அதே இடத்தில் என்டர் தட்டினால் பாதி பில் சேவ் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் பழகிக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள்தான். செய்கிறவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

எனக்கு வலது மணிக்கட்டில் தீராத வலி. மவுஸைக் குறையுங்கள் என்றுதான் டாக்டர் முதலில் சொன்னார், மாத்திரை பிறகுதான். என் சித்தி மகனுக்குப் பார்வை கிடையாது. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை முழுவதையும் கீபோர்டிலேயே பார்க்கிறான். நான் வாங்கிய இந்தச் சாஃப்ட்வேரை அவனிடம் காட்டினேன். மேலே இருக்கிற எந்தப் பட்டனும் பெயர் சொல்லவில்லை, "பட்டன், பட்டன்" என்று மட்டும் அவன் காதில் விழுந்துகொண்டிருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியும். அவனிடம் போய் மவுஸால் இழுத்து வைத்துக்கொள் என்று நான் எப்படிச் சொல்வேன்? உங்கள் பதிலை அவனுக்குப் படித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

இங்கே கம்ப்யூட்டர் வகுப்புகளில் சேருகிற பிள்ளைகளுக்கும் முதல் நாளே மவுஸைத்தான் கையில் கொடுக்கிறார்கள். கீபோர்டில் கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி தாண்டி ஒன்றும் சொல்லித் தருவதில்லை. என்னிடம் வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான்தான் முதலிலிருந்து கற்றுக்கொடுக்கிறேன். உங்கள் பக்கத்தைப் படித்துத்தான் ஊரில் பாதிப் பேர் சாஃப்ட்வேர் வாங்குகிறார்கள் என்பதையும் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. இனி எந்தச் சாஃப்ட்வேரைப் பற்றி எழுதினாலும், விண்டோஸ் கீயோடு நான்கு அம்புக்குறிகளையும், ஆல்ட்டோடு ஸ்பேஸ் பாரையும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, மதிக்கிறதா இல்லையா என்று ஒரு வரி போடுங்கள். அந்த வாசகர் கேட்ட கேள்வி நியாயமானது, கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள் என்று அவருக்கு மறுபதில் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் வாசகி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம் – 2.